பறக்காத சூப்பர்மேன்: ‘ஸ்மால்வில்’ முதல் சீசனுக்குள் நுழைவது எப்படி?

“மாமா, இவன் எப்பப் பறப்பான்?”

கேட்டது என் அக்கா பையன். எட்டாம் வகுப்பு. லீவுக்கு வந்தவன், சூப்பர்மேன் கதை என்று நான் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிட்டான். ‘ஸ்மால்வில்’ முதல் எபிசோடில் அரைமணி நேரம் ஓடியிருந்தது. பொய் சொல்ல மனசு வரவில்லை. “பத்து வருஷம் ஆகும்டா” என்றேன்.

உண்மைதான். அமெரிக்காவின் டபிள்யூபி சேனலில் 2001 அக்டோபர் 16 அன்று தொடங்கிய தொடர் இது. 2011 மே 13 அன்று முடிந்தது. பத்து சீசன், 217 எபிசோட். சூப்பர்மேன் ஆகப்போகும் க்ளார்க் கென்ட் தானாக, தெரிந்தே, முழு மனசோடு பறப்பது கடைசி நாளில்தான். நடுவில் ஓரிரு முறை தரையை விட்டுக் கிளம்புவான், ஆனால் அவை கணக்கில் சேராது. முதல் சீசனின் இரண்டாவது எபிசோடில் தூக்கத்தில் கட்டிலுக்கு மேலே மிதப்பான்; கண் விழித்ததும் தொப்பென்று விழுவான். அவ்வளவுதான்.

தொடரை உருவாக்கிய ஆல்ஃப்ரெட் கோஃப், மைல்ஸ் மில்லர் இருவரும் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டளை அது. பையன் பறக்கக் கூடாது, அந்த நீலச் சிவப்பு உடையையும் மாட்டக் கூடாது. பத்து வருஷம் இந்த விரதத்தை அவர்கள் காத்த விதம் வேறு கதை. புதிதாகப் பார்க்க வருகிறவர் இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

தொடங்குவதற்கு முன்

காமிக்ஸ் படித்திருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கி 1938இல் வெளிவந்த சூப்பர்மேன் கதையில் நாலே விஷயம் தெரிந்தால் போதும். அழிந்துபோன கிரகத்திலிருந்து ஒரு குழந்தை விண்கலத்தில் வந்து பூமியில் விழுந்தது. கேன்சஸ் மாநிலத்து விவசாயத் தம்பதி அதை எடுத்து வளர்த்தார்கள். கிரிப்டோனைட் என்ற பச்சைக் கல் பக்கத்தில் வந்தால் அவனுக்குத் தெம்பு போய்விடும். நாலாவது: லெக்ஸ் லூத்தர் என்பவன் ஒருநாள் அவனுடைய பரம எதிரி ஆவான்.

இந்த நாலாவதை மட்டும் மனசில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் முதல் சீசனில் க்ளார்க்கும் லெக்ஸும் நெருங்கிய நண்பர்கள். என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கர்ணன் சாகப்போகிறான் என்று தெரிந்துதானே ஊர் சனம் விடிய விடியக் கூத்துப் பார்க்க உட்காருகிறது? அதே மனநிலையில் உட்கார்ந்தால் இந்த சீசன் பிடிக்கும்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் சீசனில் 21 எபிசோட். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 42 நிமிடம். மொத்தம் 15 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எந்தச் செயலியில் கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் சரளமாகப் புரிந்தாலும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்கள் பேசுவது பள்ளிக்கூட ஆங்கிலம்தான். லூத்தர் வீட்டு அப்பாவும் மகனும் மட்டும் கிரேக்க வரலாறு, ரோமாபுரி என்று எதையாவது இழுத்து, ஒருவரை ஒருவர் குத்துவது தெரியாமல் குத்துவார்கள். காதில் விழாமல் போனால் நஷ்டம் நமக்கு.

முதல் சில நிமிடங்களை எழுந்து போகாமல் பாருங்கள்

முதல் எபிசோடுக்கு ‘பைலட்’ என்றுதான் பெயர். டேவிட் நட்டர் இயக்கியது. ஒளிபரப்பான அன்று 84 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தச் சேனலில் அதுவரை எந்தப் புதுத் தொடருக்கும் முதல் நாளில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

தொடக்கக் காட்சி 1989 அக்டோபரில் நடக்கிறது. ஸ்மால்வில் ஊருக்கு மேலே விண்கற்கள் மழையாகக் கொட்டுகின்றன. அந்த ஒரு பிற்பகலில் மூன்று குழந்தைகளின் வாழ்க்கை திரும்புகிறது. தலை நிறையச் செம்முடியோடு அப்பாவின் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய ஒன்பது வயது லெக்ஸ், சோளக்காட்டுக்குள் தனியாகப் போகிறான். அங்கே பெரிய பையன்கள் ஒருவனைச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி கம்பத்தில் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான். லெக்ஸ் பயந்து நிற்கும்போதே கல் விழுகிறது. அப்பா வந்து தேடி எடுக்கும்போது லெக்ஸின் தலையில் முடி இல்லை.

அதே நேரம் கடைத்தெருவில் தேவதை உடுப்புப் போட்ட மூன்று வயது லானா தன் சித்தியின் மடியில் இருக்கிறாள். அவள் கண்ணெதிரே அம்மாவும் அப்பாவும் நிற்கும் இடத்தில் ஒரு கல் வந்து விழுகிறது. ஊருக்கு வெளியே ஜோனதன், மார்த்தா தம்பதியின் வண்டி தலைகீழாகக் கவிழ்கிறது. உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும் இருவரையும் ஒரு சின்னப் பையன் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறான். அவன்தான் க்ளார்க். குழந்தைக்கு ஏங்கியிருந்த அந்த இருவருக்கும் மட்டும் அந்த மழை வரம்.

சீசன் முழுவதும் இந்த மூன்று பேரின் கதைதான். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பள்ளிப் பத்திரிகை அலுவலகத்தில் க்ளோயி சல்லிவன் என்ற தோழி, க்ளார்க்குக்கு ஒரு சுவரைக் காட்டுவாள். விண்கல் மழைக்குப் பிறகு ஊரில் நடந்த விநோதங்களையெல்லாம் கத்தரித்து ஒட்டிய சுவர். நடுவில் டைம் பத்திரிகையின் பழைய அட்டை: தேவதை உடுப்பில் அழுதுகொண்டிருக்கும் லானா. க்ளார்க்கின் முகத்தைப் பாருங்கள். அந்தக் கற்கள் தன் விண்கலத்தோடு வந்தவை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. தான் ஆசைப்படும் பெண்ணை அநாதை ஆக்கியது தன் வருகை. இதற்கு மேல் அவன் எப்படி வாய் திறந்து காதலைச் சொல்வான்? “ஏன் இவன் இப்படி முழுங்கி முழுங்கிப் பேசுறான்?” என்று அக்கா பையன் சலித்துக்கொண்டபோதெல்லாம் அந்த அட்டையை ஞாபகப்படுத்தினேன்.

இதில் ஒரு குறும்பும் உண்டு. லானாவின் கழுத்தில் ஒரு பச்சைக் கல் பதக்கம் தொங்கும். அவளுடைய பெற்றோரைக் கொன்ற அதே கல்லின் துண்டு. அவள் பக்கத்தில் போகும்போதெல்லாம் க்ளார்க் தடுமாறுவான், கையிலிருக்கும் புத்தகங்களைக் கீழே போடுவான். கூச்சம் என்று ஊர் நினைக்கிறது. பாவம், அது கிரிப்டோனைட்.

அதே எபிசோடில் இன்னொரு காட்சி. ஆற்றுப் பாலத்தில் லெக்ஸ் ஓட்டிவரும் போர்ஷே கார் க்ளார்க்கை மோதித் தள்ளிக்கொண்டு தண்ணீரில் விழுகிறது. க்ளார்க் காரின் கூரையை வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து அவனை வெளியே எடுக்கிறான். நன்றிக்கடனாக லெக்ஸ் ஒரு புத்தம்புது டிரக்கை அனுப்ப, திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் ஜோனதன். வாக்குவாதம் முற்றுகிறது. க்ளார்க் மரக்கிளைகளை அரைக்கும் இயந்திரத்துக்குள் தன் கையை விடுகிறான். இயந்திரம் உடைகிறது, கையில் ஒரு கீறல் இல்லை. நான் சாதாரண ஆளா என்று அப்பாவைப் பார்த்துக் கேட்கிறான். சண்டைக் காட்சிகளைவிட இந்த ஒரு நிமிடம் எனக்குப் பெரிது. பையன் தன் உடம்பையே சாட்சிக்கு இழுக்கிறான். அப்பாவுக்கு அதற்கு மேல் மறைக்க வழியில்லை. நிலவறையில் துணி போட்டு மூடி வைத்திருந்த விண்கலத்தைக் காட்டுகிறார்.

முடிவுக்கு அருகில் க்ளார்க்கையும் சோளக்காட்டில் அதே போலக் கம்பத்தில் கட்டுகிறார்கள். மார்பில் சிவப்பு மையில் ஒரு எழுத்து. கழுத்தில் லானாவின் பதக்கம், அதனால் அவனால் அசைய முடியவில்லை. வந்து அவிழ்த்துவிடுவது யார் என்றால் லெக்ஸ். சிறுவயதில் ஒருவனை விட்டுவிட்டு நின்றவன், இந்த முறை அவிழ்க்கிறான். தொடர் இதைச் சுட்டிக்காட்டிப் பேசாது. நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டு வீடுகளையும் பழகிக்கொள்ளுங்கள்

ஆட்களை மனப்பாடம் செய்ய அவசியமில்லை. இரண்டு வீடுகளை அடையாளம் தெரிந்துகொண்டால் மற்றவை தானாக வரும்.

ஒன்று கென்ட் பண்ணை. மஞ்சள் வீடு, சிவப்புக் களஞ்சியம், எப்போதும் கடன். ஜோனதனாக ஜான் ஷ்னைடர், மார்த்தாவாக அனெட் ஓ’டூல். 1983இல் வந்த சூப்பர்மேன் படத்தில் லானா லேங்காக நடித்தவர் இதே அனெட் ஓ’டூல்தான். இங்கே லானாவுக்குப் பதிலாக க்ளார்க்கின் அம்மா. ஜோனதன் கோபக்காரர், பிடிவாதக்காரர், லூத்தர் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுருங்கும். பல இடங்களில் அவர் செய்வது நியாயமில்லை என்றே எனக்குப் படும். லெக்ஸை லூத்தர் வீட்டு மகன் என்ற காரணத்துக்காக மட்டுமே வெறுக்கிறார். ஆனால் க்ளார்க் தப்புப் பண்ணிவிட்டு வந்தால் மனசைத் திறந்து பேச அந்த வீட்டில் சமையலறை மேசை ஒன்று இருக்கிறது.

இன்னொன்று லூத்தர் மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டியது என்பது கதை. வெளித்தோற்றத்துக்குப் படம் பிடித்தது கனடாவில் விக்டோரியா நகருக்குப் பக்கத்திலுள்ள ஹாட்லி கோட்டையில். கேன்சஸ் என்று நாம் பார்ப்பதெல்லாம் உண்மையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாதான். ஊரின் கடைத்தெருவுக்கு வான்கூவரை ஒட்டிய க்ளோவர்டேலைப் பயன்படுத்தினார்கள். அந்த மாளிகையில் லெக்ஸ் தனியாக இருக்கிறான். வயது 21. அம்மா இல்லை. அப்பா லயனல் அவனை மெட்ரோபொலிஸ் நகரத்திலிருந்து இந்த ஊர் உரத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ள அனுப்பியிருக்கிறார். பாடம் கற்பிக்க என்கிறார். நாடுகடத்தல் என்பது மகனுக்குத் தெரியும். லெக்ஸாக மைக்கேல் ரோசன்பாம், லயனலாக ஜான் க்ளோவர். முதல் சீசனில் லயனல் அவ்வப்போதுதான் வருவார். வரும்போதெல்லாம் அறைக்குள் குளிர் ஏறும்.

சீசனின் நல்ல எபிசோடுகள் எல்லாமே இந்த இரண்டு வீடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவை. அதிசய சக்தி வந்த பையன் நல்ல அப்பாவிடம் வளர்ந்தால் என்ன ஆகிறான், புத்திசாலிப் பையன் கெட்ட அப்பாவிடம் வளர்ந்தால் என்ன ஆகிறான். எதிரிகள் என்று வாராவாரம் வருகிறவர்கள் வெறும் ஊறுகாய்.

பள்ளிக்கூடத்து ஆட்கள் மிச்சம். க்ளோயி காமிக்ஸில் இல்லாத பாத்திரம், இந்தத் தொடருக்காகவே உருவாக்கியது. பிறகு காமிக்ஸே அவளைச் சேர்த்துக்கொண்டது. என் கணக்கில் ஊரிலேயே மூளை உள்ள ஆள் அவள்தான். பீட் ராஸ் க்ளார்க்கின் நண்பன், முதல் சீசனில் அவனுக்குப் பெரிதாக வேலை இல்லை. விட்னி, லானாவின் காதலன், அமெரிக்கக் கால்பந்து வீரன். வில்லன் மாதிரி ஆரம்பித்து மெல்லப் பரிதாபத்துக்குரியவன் ஆவான். க்ளார்க்குக்கு 15 வயது என்கிறார்கள். நடித்த டாம் வெல்லிங்குக்கு அப்போது 24. நாற்பது வயது நாயகன் கல்லூரி மணியடித்ததும் வகுப்புக்கு ஓடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒரு பொருட்டா?

எதைப் பார்ப்பது, எதைத் தாண்டுவது

21 எபிசோடையும் வரிசையாகப் பார்க்கப் பொறுமை இருந்தால் பாருங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு என் வரிசை இது. அக்கா பையனிடம் சோதித்துப் பார்த்தது.

‘பைலட்’டுக்கு அடுத்து இரண்டாவதான ‘மெட்டமார்ஃபசிஸ்’ஸைத் தவிர்க்காதீர்கள். பூச்சி மாதிரி மாறும் பையனின் கதை சுமார்தான். ஆனால் அதில் லெக்ஸ் ஒரு ஈயப் பெட்டியைக் க்ளார்க்கிடம் கொடுப்பான். புனித ஜார்ஜின் கவசத்தை உருக்கிச் செய்தது என்று ஒரு கதையும் சொல்வான். உள்ளே லானாவின் பதக்கம். பெட்டி மூடியிருக்கும்வரை க்ளார்க்குக்கு எதுவும் ஆகாது. திறந்ததும் கால் தள்ளாடும். ஈயம் கிரிப்டோனைட்டைத் தடுக்கும் என்பதை அவன் கண்டுபிடிக்கும் இடம் அதுதான். தன்னை அறியாமல் நண்பனுக்கு ஆயுதத்தையும் கேடயத்தையும் ஒரே கையில் கொடுக்கிறான் லெக்ஸ்.

மூன்றாவதை விட்டுவிடலாம். நாலாவது ‘எக்ஸ்-ரே’ வேண்டும். க்ளார்க்குக்கு ஊடுருவிப் பார்க்கும் பார்வை வருவது இங்கேதான், லெக்ஸின் பழைய கதையைக் கிண்டும் நிக்சன் என்ற பத்திரிகைக்காரன் நுழைவதும் இங்கேதான். அவன் சீசன் கடைசிவரை தேவைப்படுவான். பாலத்து விபத்தில் தான் எப்படிப் பிழைத்தோம் என்ற கேள்வி லெக்ஸை விடாது. நண்பனாகச் சிரித்துக்கொண்டே, பின்னால் ஆள் வைத்துத் துருவுவான்.

ஆறாவதான ‘அவர்கிளாஸ்’தான் சீசனின் உச்சம் என்பேன். முதியோர் இல்லத்தில் கஸாண்ட்ரா என்ற கண் தெரியாத கிழவி, கையைத் தொட்டால் எதிர்காலத்தைப் பார்ப்பவள். லெக்ஸ் போய்க் கையை நீட்டுகிறான். வெள்ளை உடையில் அமெரிக்க அதிபராக லெக்ஸ், பூக்கள் நிறைந்த வெளி, பிறகு எலும்புகள், வானத்திலிருந்து ரத்தம். கிழவி அதைப் பார்த்தபடியே செத்துப்போகிறாள். அவள் என்ன கண்டாள் என்று லெக்ஸுக்குத் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும். அதற்கப்புறம் அவன் செய்யும் ஒவ்வொரு நல்ல காரியமும் நெஞ்சில் முள்ளாகக் குத்தும்.

ஏழாவது ‘க்ரேவிங்’ கதையாகத் தேறாது. பச்சைக் கல் மண்ணில் விளைந்த காய்கறிச் சாறு குடித்து இளைத்த பெண்ணுக்கு அடங்காப் பசி. ஆனால் அந்தப் பெண்ணாக வருவது ஏமி ஆடம்ஸ். பிற்பாடு 2013இல் சினிமாவில் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேனாக வந்தவர். அந்தச் சுவாரசியத்துக்காகப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நகரலாம்.

எட்டாவது ‘ஜிட்டர்ஸ்’ கட்டாயம். உரத் தொழிற்சாலைக்குச் சுற்றுலா போன மாணவர்களை, அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவன் பிணையாகப் பிடித்துக்கொள்கிறான். உடம்பு நடுங்கும் நோய் அவனுக்கு. மூன்றாவது தளத்தில் நடந்த சோதனையால் வந்தது என்கிறான். அப்படி ஒரு தளமே இல்லை என்கிறார் லயனல். லெக்ஸ் பிணையாளிகளுக்குப் பதிலாகத் தான் உள்ளே போகிறான். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது கேமராக்களுக்கு முன்னால் லயனல் மகனைக் கட்டிப்பிடிப்பார். லெக்ஸின் கண் அந்த அணைப்பைத் தாண்டி, க்ளார்க்கைச் சேர்த்துக்கொண்டு நிற்கும் ஜோனதன், மார்த்தா பக்கம் போகும். வசனம் இல்லாத அந்த இடத்தில் ரீமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை பார்த்தோம்.

அடுத்த ‘ரோக்’ நன்று. க்ளார்க்கின் ரகசியத்தைக் கண்டுகொண்ட ஊழல் போலீஸ்காரன் அவனை மிரட்டுகிறான். விண்கல் சக்தி எதுவும் இல்லாத மனிதன்தான் இந்த சீசனின் ஆபத்தான எதிரி என்பது சுவாரசியம். பதினொன்றாவது ‘ஹக்’கில், முன்பு நண்பர்களாக இருந்து ஒரே விண்கல் மழையில் ஒரே சக்தி பெற்று, எதிரெதிர்த் திசையில் போன இருவர் வருகிறார்கள். க்ளார்க்கும் லெக்ஸும் அந்தக் கண்ணாடியில் தங்களைப் பார்த்தும் பார்க்காமல் நிற்பார்கள். முடிவில் நம் நட்பு காவியமாகப் பேசப்படும் என்கிற பொருளில் லெக்ஸ் ஒரு வார்த்தை சொல்வான். அவன் சொன்னது பலிக்கத்தான் செய்தது.

பன்னிரண்டாவது ‘லீச்’சில் மின்னல் தாக்கிக் க்ளார்க்கின் சக்தி வேறொரு பையனுக்குப் போய்விடும். வலி என்றால் என்ன என்று க்ளார்க் முதல்முறையாகத் தெரிந்துகொள்கிறான், கொஞ்சம் சந்தோஷத்தோடு. பதினைந்தாவது ‘நிக்கொடீமஸ்’ சிரிக்க. ஒரு பூவின் மகரந்தம் பட்டால் கூச்சநாச்சம் போய்விடும். கண்டிப்பான ஜோனதன் கட்டவிழ்ந்து திரிவதைக் காணக் கண் கோடி வேண்டும். பதினாறாவது ‘ஸ்ட்ரே’யில் மனசைப் படிக்கும் சிறுவன் ரயன் வருகிறான். அவனை நினைவில் வையுங்கள், அடுத்த சீசனில் திரும்புவான். கடைசியாக ‘க்ரஷ்’, ‘அப்ஸ்க்யூரா’, ‘டெம்பெஸ்ட்’ மூன்றும் தொடர்ச்சியாக. மற்றவை மழை நாளுக்கு.

பச்சைக் கல்லின் கணக்கு

விதிகள் எளியவை. பச்சைக் கல் க்ளார்க்கை வீழ்த்தும், சாதாரண மனிதர்களுக்கோ விபரீத சக்தி கொடுக்கும். சக்தி எப்போதும் அந்த ஆளின் உள்ளே முன்பே இருந்த ஏக்கத்தின் வடிவத்தில்தான் வரும். உறைந்த ஏரியில் விழுந்தவனுக்கு அடுத்தவர் உடம்புச் சூடு வேண்டும். இன்னொருத்தியாக வாழ ஆசைப்பட்டவளுக்கு எந்த உருவமும் எடுக்க முடியும். இதைப் பிடித்துக்கொண்டால் மொக்கை எபிசோடுகூடக் கொஞ்சம் தேறும்.

க்ளார்க்கிடம் தொடக்கத்திலேயே வேகமும் பலமும் இருக்கும். ஊடுருவிப் பார்ப்பது நாலாவது எபிசோடில். கண்ணிலிருந்து நெருப்பு வருவதற்கு இரண்டாவது சீசன்வரை காத்திருக்க வேண்டும். அது எந்த மாதிரி நேரத்தில் வருகிறது என்பது வயசுப் பையன்களின் பெற்றோருக்குச் சிரிப்பை வரவழைக்கும். வேறு நிறக் கற்களும் பின்னால் வரும், இப்போது வேண்டாம்.

எரிச்சல் வரும் இடங்கள்

மறைக்காமல் சொல்லிவிடுவோம். க்ளார்க் சக்தியைக் காட்டும் நேரம் பார்த்துப் பக்கத்திலிருப்பவர் மண்டையில் அடிபட்டு மயங்குவார். எப்போதும், தவறாமல். இந்த ஊர்க்காரர்களின் மூளையை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. லூத்தர் மாளிகைக்குக் காவல் என்று ஒன்று உண்டா என்பதும் சந்தேகம். யார் வேண்டுமானாலும் நேராகப் படிப்பறைவரை நடந்து வருவார்கள். போன வாரம் கொலைவெறியோடு அலைந்தவனைப் பற்றி இந்த வாரம் பள்ளியில் ஒருவரும் பேச மாட்டார்கள். லானாவும் க்ளார்க்கும் களஞ்சியத்து மாடியில் நின்று பேசும் காட்சிகளில் வாய்ப்பு வரும்போது காபி போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் போய்விடாது.

பதிலுக்கு ஒரு விளையாட்டு. உடைகளின் நிறத்தைப் பாருங்கள். க்ளார்க் நீல பனியன், சிவப்பு மேல்சட்டை. அந்த உடையை மாட்டக் கூடாது என்று கட்டளை போட்டவர்கள் திருட்டுத்தனமாக அதை வண்ணத்தில் மாட்டியிருக்கிறார்கள். லெக்ஸ் பெரும்பாலும் கறுப்பு, அவ்வப்போது ஊதா. இதை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண்ணை எடுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை, பட்ட அனுபவத்தில். எந்தப் பாத்திரத்தின் பெயரையும் இணையத்தில் தேடாதீர்கள். நான் முதல்முறை பார்த்த காலத்தில், ஒரு நடிகரின் பெயருக்கு எழுத்துக்கூட்டத் தெரியாமல் பாத்திரத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன். முழுசாகத் தட்டச்சு செய்யும் முன்பே தேடுபொறி ‘எந்த சீசனில் சாகிறார்’ என்று மரியாதையாக முடித்துக் கொடுத்தது. அந்த மரணத்துக்காக அழ வேண்டிய நாளில் நான் அழவில்லை. இன்றும் அது ஒரு குறை.

முடித்த பிறகு

‘டெம்பெஸ்ட்’ பார்ப்பவர்கள் கட்டாயம் இரண்டாவது சீசனின் முதல் எபிசோடான ‘வோர்டெக்ஸ்’ஸைக் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும். சூறாவளி சுழல, மூன்று இடங்களில் மூன்று உயிர்கள் அந்தரத்தில் தொங்க, சடாரென்று திரை இருண்டுவிடும். 2002 மே மாதம் இதைப் பார்த்த அமெரிக்கர்கள் மறு பாதிக்கு செப்டம்பர்வரை காத்திருந்தார்கள்.

இரண்டாவது சீசனில் எதைப் பார்க்காவிட்டாலும் பதினேழாவதான ‘ரொசெட்டா’வைப் பாருங்கள். 2003 பிப்ரவரி 25 அன்று ஒளிபரப்பானது. க்ளார்க் நியூயார்க்கில் டாக்டர் ஸ்வான் என்ற விஞ்ஞானியைத் தேடிப் போகிறான். இருட்டான அறையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கிறிஸ்டோபர் ரீவ். 1978 முதல் உலகத்துக்கே சூப்பர்மேனாக இருந்தவர். 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். பையனே, நீ யார், எங்கிருந்து வந்தாய், உன் பெயர் என்ன என்பதைப் பழைய சூப்பர்மேன் புதியவனுக்குச் சொல்கிறார். பின்னணியில் அந்தப் பழைய படத்தின் இசை மெல்ல எட்டிப் பார்க்கும். அடுத்த சீசனில் இன்னொரு முறை வந்தார். 2004 அக்டோபர் 10 அன்று காலமானார். இந்தக் காட்சியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். முப்பத்துச் சொச்சம் எபிசோட் அந்தப் பையனோடு நீங்களும் ‘நான் யார்’ என்று கேட்டுக்கொண்டே வந்திருந்தால்தான் ரீவ் பதில் சொல்லும்போது தொண்டை அடைக்கும்.

எங்கள் வீட்டில் ‘டெம்பெஸ்ட்’ முடிந்தபோது இரவு மணி பதினொன்றேகால். காலை ஆறு மணிக்கு அவனுக்கு ரயில். திரை இருண்டதும் பறப்பதைப் பற்றி அவன் கேட்கவில்லை. “மாமா, லெக்ஸ் என்ன பண்ணுவான் இப்ப?” என்றான். ‘வோர்டெக்ஸ்’ஸைப் போட்டேன். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை.